எந்தத் தண்டவாளம், எத்தனை டன், எவருடைய நேரம்?

இந்திய ரயில்வே குறித்த பொது உரையாடலில் வண்டிகள் பேசப்படுகின்றன, வேகம் பேசப்படுகிறது, நிலையங்களின் முகப்பு பேசப்படுகிறது. இவை அனைத்தையும் தாங்கிக் கிடக்கும் தண்டவாளம் மட்டும் பேசப்படுவதில்லை. பொறியியல் மாணவர் அதன் குறுக்குவெட்டைத் தேர்வுக்காக வரைந்து மறந்துவிடுகிறார். சமூக அறிவியல் மாணவரோ அது தம் துறைக்குரிய பொருளென்றே எண்ணுவதில்லை. இந்தப் பிரிவினைக்கு ஒரு விலை உண்டு. ஒரு வழித்தடத்தில் எந்த வகைத் தண்டவாளத்தைப் பதிப்பது, அதன்மேல் எவ்வளவு சுமையை ஓட்டுவது, எப்போது அதை மாற்றுவது, மாற்றுவதற்கான நேரத்தை எந்த வண்டியை நிறுத்திப் பெறுவது ஆகிய நான்கும் தொழில்நுட்பத் தீர்மானங்களாகத் தோன்றினாலும், உள்ளபடி அவை பொதுப்பணத்தையும் மனித உயிரையும் பங்கிடும் அரசியல் தீர்மானங்கள். அவற்றை அவ்வாறே ஆராய வேண்டும், அவ்வாறே விவாதிக்க வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் வடிவம். தண்டவாளம் என்பது அடிப்படையில் ஓர் உத்திரம். சக்கரம் அழுத்தும் இடத்திலிருந்து சுமையை வாங்கி, குறுக்குக் கட்டைகளுக்கும் ஜல்லிக்கும் பிரித்தளிப்பது அதன் வேலை. உத்திரத்தில் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் அதிக அழுத்தத்தையும் இழுவையையும் தாங்குவதால் உலோகத்தை அங்கே குவித்து நடுவில் குறைப்பதே சிக்கனம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரிட்டனில் மேலும் கீழும் ஒரே அளவான இரட்டைத் தலைத் தண்டவாளங்கள் செய்யப்பட்டதற்கு இன்னொரு நோக்கமும் இருந்தது. மேற்பக்கம் தேய்ந்ததும் புரட்டிப்போட்டுக் கீழ்ப்பக்கத்தைப் பயன்படுத்தலாம் என்று கருதினார்கள். நடைமுறையில் அது பலிக்கவில்லை. தண்டவாளத்தைத் தாங்கிய இரும்புப் பிடிகள் கீழ்த்தலையைக் குழிவிழச் செய்தன. புரட்டிப்போட்ட தண்டவாளம் வண்டியைக் குலுக்கியது. அதன்பின் மேல்தலை பெரிதாகவும் கீழ்த்தலை சிறிதாகவும் உள்ள காளைத்தலை வகை வந்தது. பிரிட்டன் அதை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விடவில்லை. அகன்ற அடிப்பகுதி கொண்ட தட்டை அடி வகை 1830களில் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டீவன்ஸ், பிரிட்டனில் சார்லஸ் விக்னோல்ஸ் ஆகியோரின் முயற்சியால் பரவியது. தனிப்பிடியின்றி நேரடியாகக் கட்டையின்மேல் அமரக்கூடியது, பக்கவாட்டில் சாயாதது என்ற காரணங்களால் இன்று உலகெங்கும், இந்தியாவிலும், அதுவே நிலைத்துள்ளது.

அடுத்தது உலோகம். தொடக்ககாலத் தண்டவாளங்கள் வார்ப்பிரும்பாலும் தேனிரும்பாலும் ஆனவை. 1857இல் இங்கிலாந்தின் டார்பி நிலையத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தண்டவாளம் மாற்றவேண்டியிருந்த நெரிசல் மிகுந்த ஓரிடத்தில், ராபர்ட் மஷெட்டின் எஃகில் உருட்டிய தண்டவாளம் ஒன்று பதிக்கப்பட்டது. அது பதினாறு ஆண்டுகள் உழைத்தது. இரும்புக்கும் எஃகுக்கும் இடையிலான விவாதம் அந்த ஒரு துண்டிலேயே ஏறத்தாழ முடிந்துவிட்டது. இந்தியாவில் நெடுங்காலம் புழங்கியது ‘72 யூடிஎஸ்’ எனப்படும் வகை. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 72 கிலோகிராம் இழுவிசையைத் தாங்கும் எஃகு என்பது அதன் பொருள். பின்னர் ‘90 யூடிஎஸ்’, அதாவது 880 மெகாபாஸ்கல் வலிமை கொண்ட எஃகு, பொதுத்தரமாயிற்று. அதற்கும் மேலாக, தலைப்பகுதியை மட்டும் வெப்பப்பதம் செய்து கடினமாக்கிய 1080 வகை உண்டு. கூர்மையான வளைவுகள், மிகுசுமைச் சரக்குத் தடங்கள், நாளெல்லாம் வண்டி நின்று புறப்படும் மெட்ரோ தடங்கள் ஆகியவற்றுக்கு அது ஏற்றது.

கடினம் கூடினால் எல்லாம் நலம் என்று முடிவு செய்வதும் தவறு. மென்மையான எஃகு தேயும். தேயும்போது மேற்பரப்பில் தோன்றும் மயிரிழை விரிசல்களும் சேர்ந்தே அரைபட்டுப் போகும். கடினமான எஃகு தேயாது. ஆகவே விரிசல் அங்கேயே தங்கி உள்நோக்கி வளர வாய்ப்புண்டு. அதனால்தான் கடினத் தண்டவாளம் பதிக்கும் ரயில்வே, காலமுறைப்படி அதன் மேற்பரப்பை இயந்திரத்தால் அரைத்துச் செப்பனிடும் கடமையையும் சேர்த்தே ஏற்கிறது. ஒரு பொருளை வாங்கும்போது அதன் பராமரிப்பையும் வாங்குகிறோம் என்ற எளிய உண்மை கொள்முதல் அறிவிப்புகளில் இடம்பெறுவது அரிது.

இந்திய அகலப்பாதையில் தண்டவாளங்கள் எடையால் அறியப்படுகின்றன. ஒரு கெஜத்துக்கு 90 பவுண்டு, அதாவது மீட்டருக்கு ஏறத்தாழ 44.6 கிலோ எடையுள்ள 90ஆர் வகை பிரிட்டிஷ் அளவுமுறையின் எச்சம். அதையடுத்து 52 கிலோ வகை வந்தது. இப்போது முதன்மைத் தடங்களின் தரம் 60 கிலோ வகை. 52 கிலோ தண்டவாளத்தின் உயரம் 156 மில்லிமீட்டர், 60 கிலோ தண்டவாளத்தின் உயரம் 172 மில்லிமீட்டர். இந்தச் சிறு உயர வேறுபாடு வளைவை எதிர்க்கும் திறனைப் பெரிதும் கூட்டுகிறது. ஒரு கிலோமீட்டர் ஒற்றைப் பாதைக்கு 52 கிலோ வகையில் சுமார் 104 டன் எஃகு தேவை, 60 கிலோ வகையில் 120 டன். கூடுதல் 16 டன்னுக்குக் கிடைக்கும் பலன் என்ன என்பதை ரயில்வேயின் பாதைக் கையேடு நெடுங்காலம் கொண்டிருந்த ஆயுள் அளவுகள் காட்டும். 90 யூடிஎஸ் எஃகில் 52 கிலோ தண்டவாளம் 52.5 கோடி டன் போக்குவரத்தைச் சுமந்தபின் மாற்றத் தகும். 60 கிலோ தண்டவாளம் 80 கோடி டன்னைச் சுமக்கும். எஃகு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடுகிறது, ஆயுள் பாதிக்கு மேல் கூடுகிறது.

முதன்மைத் தடத்திலிருந்து கழற்றிய தண்டவாளம் உடனே கழிவாகிவிடுவதில்லை. தகுதியுள்ளது கிளைப்பாதைக்கும், பிறகு நிலையத்தின் துணைப்பாதைக்கும், அதன்பின் சரக்குக்கொட்டடிப் பாதைக்கும் இறங்குகிறது. கடைசியில் வேலிக்கம்பமாகவும், கிராமத்துப் பள்ளியில் கட்டித்தொங்கும் மணியாகவும் ஆகிறது. இந்தப் படியிறக்கம் சிக்கனமான ஏற்பாடுதான். ஆயினும் மேல்படியில் புதுப்பித்தல் தாமதமானால் கீழ்ப்படிகள் அனைத்திலும் அந்தத் தாமதம் எதிரொலிக்கும்.

பொதுப்பாதைக்கு அப்பால் தனி வேலைகளுக்கான வகைகளும் உள்ளன. தெருவோடு சமமாகப் பதிந்து சக்கர விளிம்புக்குப் பள்ளம் விட்ட டிராம் தண்டவாளத்தைக் கொல்கத்தாவில் காணலாம். துறைமுகங்களிலும் எஃகு ஆலைகளிலும் கிரேன் ஓடுவதற்குத் தடித்த நடுப்பகுதி கொண்ட குட்டையான வகை உண்டு. பாதை பிரியும் இடத்தில் நகரும் நாக்குத் தண்டவாளத்துக்கு ஒருபுறம் தடித்த, சமச்சீரற்ற குறுக்குவெட்டு இப்போது பயன்படுகிறது. கூர்மையான வளைவிலும் லெவல் கிராசிங்கிலும் உட்புறம் இணையாகப் பதிக்கும் தடுப்புத் தண்டவாளமும், பாலத்தின்மேல் தடம் புரண்ட சக்கரம் ஓரத்துக்குப் போய்விடாமல் தடுக்கும் காப்புத் தண்டவாளமும் சுமை தாங்குவதற்கானவை அல்ல, ஆபத்தைக் கட்டுப்படுத்துவதற்கானவை.

வடிவம், உலோகம், எடை ஆகியவற்றோடு நான்காவதாக நீளமும் கருதத்தக்கது. இந்தியாவில் வழக்கமான தண்டவாளத்தின் நீளம் 13 மீட்டர். அந்த நீளத்தில் பதித்தால் ஒரு கிலோமீட்டர் பாதையில் 150க்கும் மேற்பட்ட இணைப்புகள் வரும். பழைய பயணங்களின் ‘தடக் தடக்’ ஓசை அந்த இணைப்புகளின் ஓசையே. ஒவ்வோர் இணைப்பிலும் சக்கரம் இடித்தது, தண்டவாளத்தின் முனை நசுங்கியது, ஜல்லி இறங்கியது. 1960 முதல் தண்டவாளம் உருட்டிவரும் பிலாய் எஃகு ஆலை இன்று 130 மீட்டர் நீள ஒற்றைத் தண்டவாளங்களை உருட்டி, இரண்டை இணைத்து 260 மீட்டர் நீளமாக அனுப்புகிறது. அவற்றைப் பதிக்குமிடத்தில் மேலும் பற்றவைத்து நெடுந்தண்டவாளமாக்குகிறார்கள். ஓசை அடங்கியது, வேகம் கூடியது, பராமரிப்பும் குறைந்தது.

ஆனால் இணைப்பில் இருந்த இடைவெளி வெப்பத்துக்கு இடம்கொடுத்தது என்பதை மறந்துவிடலாகாது. பற்றவைத்த பாதையில் எஃகு விரியவோ சுருங்கவோ வழியில்லை. ஆகவே அந்த மாற்றம் விசையாகத் தண்டவாளத்துக்குள்ளேயே தேங்குகிறது. 60 கிலோ தண்டவாளத்தில் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் மாறினால் ஏறத்தாழ 1.9 டன் விசை பிறக்கும். முப்பது பாகை மாறினால் ஒவ்வொரு தண்டவாளத்திலும் 57 டன். கோடையின் நடுப்பகலில் அந்த விசை பாதையைப் பக்கவாட்டில் நெளியவைக்கப் பார்க்கிறது. குளிர்காலத்து விடியற்காலையில் தண்டவாளத்தை இழுத்து முறிக்கப் பார்க்கிறது. முறிவுக்கு முதலில் இடம்கொடுக்கும் இடங்களுள் ஒன்று, களத்தில் செய்த தெர்மிட் பற்றவைப்பு. ஆலையில் மின்சாரத்தால் செய்யும் பற்றவைப்பைவிட அது வலிமை குறைந்தது. அச்சு, முன்சூடு, நேரம், செய்பவரின் கைத்திறன் என ஒவ்வொன்றையும் அது சார்ந்துள்ளது. அந்தக் கைத்திறனுக்கு உரிய நேரத்தை அவசரமாக ஓடவிருக்கும் அடுத்த வண்டி தின்றுவிட்டால், குறை உலோகத்துக்குள் உறைந்துபோகும். மீயொலிச் சோதனை அதைக் கண்டுபிடிக்கலாம். சோதனைக்கு முன்பே குளிர் வந்துவிடவும் கூடும்.

இங்கேதான் மனிதர் வருகிறார். குளிர்கால இரவுகளில் தலையில் கம்பளி சுற்றி, கையில் விளக்கும் சுத்தியலும் எச்சரிக்கை வெடிகளும் ஏந்தி வட இந்தியப் பனிமூட்டத்தில் நடக்கும் ரோந்துக்காரரும், பகலில் தம் எல்லையை அளந்து நடக்கும் கீமேனும், ஜல்லியைக் கிளறிச் சரிசெய்யும் கேங்மேன்களும் பாதையின் கடைசிப் பாதுகாப்பு. பதவிப்பெயர் ‘டிராக் மெயின்டெய்னர்’ என்று மாறிவிட்டது. பணியின் ஆபத்து அந்த அளவுக்கு மாறவில்லை. இரட்டைப் பாதையில் ஒரு வண்டிக்கு ஒதுங்கி மறுபாதையில் கால்வைக்கும் நொடியில் எதிர்வரும் வண்டியால் அடிபட்டு இறப்பது இப்பணியில் நன்கறியப்பட்ட ஆபத்து. வண்டியின் ஓசை குறைந்ததும் வேகம் கூடியதும் பயணிக்கு நன்மை. பாதையில் குனிந்து நிற்பவருக்கோ எச்சரிக்கை நேரம் குறைந்துவிட்டது.

இப்பின்னணியில் 2005ஐ ஒட்டி எடுக்கப்பட்ட ஒரு முடிவை மறுவாசிப்புச் செய்வது பயனுடையது. சரக்குப் பெட்டிகளில் அதுவரை அனுமதித்ததைவிடச் சில டன்கள் கூடுதலாக ஏற்றலாம் என்று ரயில்வே தீர்மானித்தது. ஓர் அச்சின்மேல் விழும் சுமை சுமார் 20.3 டன்னிலிருந்து 22.9 டன் அளவுக்கு உயர்ந்தது. புதிய பெட்டியோ புதிய பாதையோ இன்றி வருவாய் பெருகியது. மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள் அந்த மீட்சியைப் பாடமாக்கின. அதன் ஆதரவாளர்கள் சொன்ன காரணத்தைப் புறந்தள்ள முடியாது. சுரங்கப் பகுதிகளில் பெட்டிகள் ஏற்கெனவே கணக்கில் வராத கூடுதல் சுமையோடுதான் ஓடின, அந்தச் சுமையைச் சட்டபூர்வமாக்கி அதற்குக் கட்டணமும் பெறுவதே நேர்மை என்றார்கள்.

வாதம் சரியானது, ஆனால் பாதியில் நிற்பது. தண்டவாளத்தின் ஆயுளை மொத்த டன்களால் அளக்கும் முறையில், இலகுவான அச்சில் சென்ற ஒரு கோடி டன்னும் கனமான அச்சில் சென்ற ஒரு கோடி டன்னும் ஒன்றாகவே எண்ணப்படும். உலோகம் அவ்வாறு எண்ணுவதில்லை. உலோக அயர்வில் சேதம், சுமையின் விகிதத்தைவிட வேகமாக வளரும். சுமை எட்டில் ஒரு பங்கு கூடினால், தண்டவாளத் தலைக்கும் பற்றவைப்புக்கும் நேரும் சேதம் அதைவிட மிகுதியாகவே கூடும். வருவாய் அந்த ஆண்டின் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. சேதமோ பல ஆண்டுகள் கழித்து, வேறொரு அமைச்சரின் காலத்தில், வேறொரு கோட்டத்தின் புதுப்பித்தல் பட்டியலில் வந்து நிற்கிறது. ஆண்டுக்கு 4 கோடி டன் செல்லும் தடத்தில் 60 கிலோ தண்டவாளம் இருபது ஆண்டுகள் உழைக்கும் என்று திட்டமிட்டிருந்தால், போக்குவரத்து 8 கோடியானதும் அது பத்தாண்டாகச் சுருங்கும். சரக்குப் பெருக்கத்தை அறிவிக்கும் ஆண்டறிக்கை இந்தச் சுருக்கத்தையும் அதே பக்கத்தில் அறிவிக்க வேண்டும்.

புதுப்பித்தலுக்கான பணம் எங்கே என்ற கேள்விக்குப் பதில் இல்லாமலில்லை. அனில் ககோட்கர் தலைமையிலான உயர்மட்டக் குழு 2012இல் பாதுகாப்புக்கு ஐந்தாண்டுகளில் ஒரு லட்சம் கோடி ரூபாய் வேண்டும் என்றது. 2017-18இல் அதே தொகைக்கு ராஷ்ட்ரிய ரயில் சம்ரக்ஷா கோஷ் என்னும் நிதி தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 20,000 கோடி, அதில் 5,000 கோடியை ரயில்வே தன் வளத்திலிருந்து தரவேண்டும் என்பது ஏற்பாடு. தடம் புரள்வுகள் குறித்து 2022இல் வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, முதல் நான்கு ஆண்டுகளில் ரயில்வே தன் பங்கின் பெரும்பகுதியைச் செலுத்தவில்லை என்று காட்டியது. பொறியியல் துறையோடு தொடர்புடைய தடம் புரள்வுகளில் பாதைப் பராமரிப்புக் குறையே முதன்மைக் காரணியாக இருந்ததையும், பாதையைப் பரிசோதிக்கும் வண்டிகளின் ஓட்டத்தில் பெரும் பற்றாக்குறை இருந்ததையும் அவ்வறிக்கை பதிவு செய்தது.

பணம் கிடைத்தாலும் நேரம் கிடைக்க வேண்டும். பாதையில் வேலை செய்ய வண்டிகளை நிறுத்திவைக்கும் இடைவேளையை ரயில்வே மொழியில் ‘பிளாக்’ என்பார்கள். நெரிசல் மிகுந்த தடங்களில் இயக்கப்பிரிவுக்கும் பாதைப்பிரிவுக்கும் இடையே இதற்காக அன்றாடம் இழுபறி நடக்கிறது. வண்டி தாமதமானால் அன்றே கேள்வி எழும், பிளாக் மறுக்கப்பட்டால் அன்று யாருக்கும் தெரியாது. 2017 ஆகஸ்ட் 19 அன்று உத்தரப்பிரதேசத்தின் கதௌலியில், பாதையில் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், உரிய பாதுகாப்பு ஏற்பாடின்றி உத்கல் எக்ஸ்பிரஸ் வேகமாக வந்து தடம் புரண்டது. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த இடத்தில் தவறியவர்கள் பொறுப்பேற்க வேண்டியவர்களே. ஆயினும் விதிக்குப் புறம்பாக வேலை செய்யத் தூண்டும் நேரப்பஞ்சத்தை உருவாக்கியவர்கள் எந்த விசாரணையிலும் தனிநபர்களாகத் தென்படுவதில்லை. பிளாக்குகளை 52 வாரங்களுக்கு முன்கூட்டியே திட்டமிடும் முறை 2023இல் பொது விதிகளில் சேர்க்கப்பட்டது வரவேற்கத்தக்கது. திட்டமிட்ட நேரத்தில் எவ்வளவு உண்மையில் கொடுக்கப்பட்டது என்ற கணக்கு வெளிவந்தால்தான் அதன் பயன் தெரியும்.

தாமதத்தின் விலையை அறிய இன்னொரு நாட்டின் அனுபவம் உதவும். 2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் ஒரு விரைவு வண்டி தடம் புரண்டு நால்வர் இறந்தனர். சக்கரத் தொடர்பினால் தலைப்பகுதியில் விளைந்த விரிசல்கள் முற்றி, வளைவிலிருந்த தண்டவாளம் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறியிருந்தது. அந்தக் குறை முன்பே அறியப்பட்டிருந்தது. மாற்றுத் தண்டவாளம் மாதக்கணக்கில் பாதையோரத்திலேயே கிடந்தது. எஃகு இருந்தது, அறிவு இருந்தது. பதிப்பதற்கான ஏற்பாடும் நேரமும் ஒழுங்கும் மட்டும் கூடிவரவில்லை. பராமரிப்பை ஒப்பந்தங்களாகத் துண்டாடி, தன் பாதையின் நிலையைத் தானே அறியாத நிலைக்கு ரயில்ட்ராக் நிறுவனம் வந்திருந்தது அதன்பின் வெளிப்பட்டது. நாடெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் வேகக்கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. 2002இல் நெட்வொர்க் ரயில் அந்நிறுவனத்தின் இடத்துக்கு வந்தது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். இந்தியாவில் விபத்துகள் குறைந்துவரும்போது இந்தக் கவலை மிகையல்லவா? அரசின் கணக்கின்படி கடும் விளைவுடைய ரயில் விபத்துகள் 2000-01இல் 473. 2023-24இல் அவை 40. இது பெரிய சாதனை, குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. ஆனால் இச்சாதனைக்கான காரணங்களில் 60 கிலோ தண்டவாளமும், கான்கிரீட் குறுக்குக் கட்டைகளும், நெடும்பற்றவைப்பும், மீயொலிச் சோதனையும், ஆளில்லா லெவல் கிராசிங்குகளின் நீக்கமும் முன்வரிசையில் நிற்கின்றன. அதாவது, கண்ணுக்குத் தெரியாத பணிகளில் செலவிட்டதன் பலனே அது. அந்தப் பலனைச் சான்றாகக் காட்டி அந்தச் செலவைத் தள்ளிப்போடுவது தருக்கப்பிழை. மேலும், எண்ணிக்கை குறைந்தாலும் வேகம் கூடிய பாதையில் நிகழும் ஒரு விபத்தின் கொடுமை கூடும்.

செய்யத்தக்கவை சில உள்ளன. ஒவ்வொரு பிரிவிலும் பதிந்துள்ள தண்டவாளத்தின் எடை, எஃகுத் தரம், பதித்த ஆண்டு, சுமந்த டன், மாற்றவேண்டிய காலம் ஆகியவற்றை ரயில்வே பொதுவெளியில் வைக்கலாம். இவை அனைத்தும் ஏற்கெனவே பிரிவுப் பொறியாளரின் பதிவேட்டில் இருப்பவை, புதிதாகத் திரட்டவேண்டியவை அல்ல. அச்சுச்சுமையையோ வேகத்தையோ உயர்த்தும் ஒவ்வோர் ஆணையோடும் அதனால் குறையும் தண்டவாள ஆயுளின் மதிப்பையும் அதற்கான நிதி ஒதுக்கீட்டையும் இணைக்கலாம். கேட்ட பிளாக், கொடுத்த பிளாக் என்ற இரு எண்களை வண்டிகளின் நேரந்தவறாமையோடு சேர்த்தே வெளியிடலாம். பாதையில் இறக்கும் பணியாளர்களின் எண்ணிக்கையைக் கோட்டவாரியாக ஆண்டுதோறும் அறிவிக்கலாம்.

ஆய்வுலகுக்கும் இதில் கடமை உண்டு. ரயில்வே வரலாறு என்றால் காலனிய முதலீடும் தேசிய ஒருங்கிணைப்பும் பயண அனுபவமும் பற்றிய நூல்கள் நிறைய உள்ளன. ஒரு கோட்டத்தின் தண்டவாளப் புதுப்பித்தலை ஐம்பதாண்டுகளுக்குப் பின்தொடர்ந்து, அதை நிதிநிலையோடும் பணியாளர் எண்ணிக்கையோடும் விபத்துப் பதிவுகளோடும் பொருத்திப் பார்க்கும் ஆய்வேடுகள் தமிழிலும் வேண்டும், பிற மொழிகளிலும் வேண்டும். பொருளியலும் உலோகவியலும் தொழிலாளர் வரலாறும் ஒரே மேசையில் அமரவேண்டிய தலைப்பு இது. ஆய்வுக்களம் தேடும் மாணவர் தம் ஊர் நிலையத்தின் பிரிவுப் பொறியாளர் அலுவலகத்திலிருந்தும், அங்கிருந்து புறப்படும் கீமேனின் ஒருநாள் நடையிலிருந்தும் தொடங்கலாம்.